புனித மூத்த மக்ரீனா: பேரனுக்குச் சாட்சியாக நின்ற பாட்டி



ஜூபிலி மலர் என்றால் ஆலயம் கட்டியவர்களையும், மணி வாங்கித் தந்தவர்களையும், பங்கை வழிநடத்திய குருக்களையும் நன்றியோடு நினைவுகூருவது வழக்கம். அது தக்கதும் நீதியுமாம். ஆனால் சிலுவை அடையாளம் வரையக் குழந்தையின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பாட்டிமார்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பங்குக் கணக்கேட்டிலும் இல்லை. ஆகவே இம்மலரில் திருச்சபையின் வரலாற்றிலே ஒளிரும் ஒரு பாட்டியின் வாழ்வை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர்தாம் புனித மூத்த மக்ரீனா.

கருங்கடலின் தென்கரையிலே போந்து என்னும் நாடு இருந்தது. அதன் தலைநகர் நெயோசெசாரெயா. இன்று துருக்கி நாட்டிலே நிக்சார் என வழங்கும் ஊர். மூன்றாம் நூற்றாண்டில், ஓரிஜனின் மாணாக்கரான புதுமைகள் செய்த கிரகோரியார் அங்கு ஆயராக இருந்தார். அவர் பொறுப்பேற்றபோது ஊரில் 17 கிறிஸ்தவர்களே இருந்தனர் என்றும், அவர் இறக்கும்போது 17 பேரே கிறிஸ்தவரல்லாதவராய் எஞ்சினர் என்றும் பழைய மரபு கூறும். 270ஆம் ஆண்டளவில் அவர் இறைவனடி சேர்ந்த பின்னும் அவருடைய போதனை அம்மக்களின் நாவிலே வாழ்ந்தது. அதை நெஞ்சிலே பதித்துப் பேணியவர்களுள் ஒருவர் மக்ரீனா.

303ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் பேரரசன் தொடங்கிய வேதகலாபனை கீழ்த்திசையில் 313 வரை ஓயவில்லை. மாக்சிமினுசின் காலத்தில் அது மேலும் கொடியதாயிற்று. மக்ரீனாவும் அவர் கணவரும் செல்வக் குடியினர். ஆயினும் விசுவாசத்தை மறுதலிக்க மனமின்றி, சிலரோடு போந்து நாட்டின் மலைக்காடுகளில் மறைந்து வாழ்ந்தனர். ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஏறக்குறைய ஏழாண்டுகள். பணிவிடைக்கும் பஞ்சணைக்கும் பழகிய உடல் குளிரிலும் வெயிலிலும் மழையிலும் வாடிற்று. உண்ண உணவின்றித் தவித்தபோது அவர்கள் இறைவனை மன்றாட, காட்டு மான்கள் தாமாகவே வந்து அகப்பட்டன என்று நசியான்சு நகர் புனித கிரகோரியார் தம் நண்பர் பசிலியாரின் நினைவுப் பேருரையில் எடுத்துரைக்கிறார். இக்கலாபனைக் காலத்தில் குடும்பத்தின் உடைமைகளும் பறிமுதல் செய்யப்பட்டன. பின்னாளில் மக்ரீனாவின் மருமகளாக வந்த எமிலியாவின் தந்தையோ அரசனின் சினத்திற்கு ஆளாகி உயிரையே இழந்தார்.

கலாபனை ஓய்ந்தது. அவருடைய மகன் மூத்த பசிலியார் நாவன்மை கற்பிக்கும் ஆசிரியராகி, எமிலியாவை மணந்தார். பிள்ளைகள் பலர் பிறந்தனர். மூத்த பெண் குழந்தைக்குப் பாட்டியின் பெயரையே சூட்டினர். காட்டிலே ஏழாண்டு துன்புற்ற அந்த அம்மையார் இப்போது வீட்டிலே பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி, கிரகோரியாரின் படிப்பினைகளைச் சொல்லிக் கொடுத்தார். அன்று அச்சிட்ட ஞானோபதேசப் புத்தகம் ஏது? பாட்டியின் வாய்மொழியே புத்தகம். பாட்டியின் வாழ்வே விளக்கவுரை.

அந்த விதை எத்தகைய விளைச்சலைத் தந்தது என்று பாருங்கள். பேத்தி இளைய மக்ரீனா ஐரிஸ் ஆற்றங்கரையிலிருந்த குடும்பத் தோட்டத்தைத் துறவு இல்லமாக்கிப் புனிதையானார். பேரன் பசிலியார் பஞ்சத்தில் மக்களுக்கு உணவளித்து, பின்னர் செசாரெயாவின் ஆயராகி, நோயாளருக்கும் ஏழைகளுக்கும் பெரியதோர் இல்லம் எழுப்பினார். மற்றொரு பேரன் நீசா நகர் கிரகோரியார் 381ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கத்தில் தலைசிறந்து விளங்கினார். கடைக்குட்டி பேதுரு செபஸ்தே நகர் ஆயரானார். நால்வரையும் திருச்சபை புனிதர்களாக வணங்குகிறது.

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பசிலியார் ஆதேன்ஸ் நகரில் பல ஆண்டுகள் உயர்கல்வி பயின்றவர். திரும்பி வந்தபோது கல்விச் செருக்கு அவரைப் பற்றியிருந்தது என்று அவர் தம்பியே எழுதியுள்ளார். தமக்கை மக்ரீனாதான் அவரை நல்வழிக்குத் திருப்பினார். பின்னர் அவர் ஆயரான காலத்தில் ஆரிய பதிதம் தலைவிரித்தாடியது. வாலன்ஸ் பேரரசன் அதற்குத் துணை நின்றான். 375ஆம் ஆண்டளவில், பசிலியாரின் விசுவாசமே பழுதுபட்டது என்று சிலர் பழி தூற்றினர். பாட்டியின் ஊராகிய நெயோசெசாரெயாவிலேயே அவர்மீது ஐயம் பரவிற்று. ஆயர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டோ?

அப்போது அம்மாமேதை யாரைச் சாட்சிக்கு அழைத்தார்? ஆதேன்ஸ் நகரின் ஆசிரியர்களையா? இல்லை. தம் பாட்டியையே அழைத்தார். அவ்வூராருக்கு எழுதிய திருமுகத்தில், உங்கள் ஊரைச் சேர்ந்த மக்ரீனாவே குழந்தையான என்னைக் கிரகோரியாரின் படிப்பினையில் உருவாக்கினார். இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும் என்னும் பொருள்பட வாதிட்டார். வேறொரு மடலில், தாயிடமும் பாட்டியிடமும் பெற்ற இறையறிவை மாற்றவில்லை என்றும், அதுவே தம்முள் வளர்ந்து முதிர்ந்தது என்றும் விளக்கினார். பாட்டியோ அதற்கு வெகு காலம் முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் அவர் மடியில் கற்ற பாடம் பேரனின் இக்கட்டிலே எழுந்து நின்று சாட்சி பகர்ந்தது.

தூய பவுல் அடியாரும் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், அவருடைய பாட்டி லோயிசாளிடமும் தாய் யூனிக்கியாளிடமும் முதலில் குடிகொண்ட விசுவாசத்தை நினைவுபடுத்துகிறாரன்றோ? திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில், ஜூலை மாத நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தியதும் இக்காரணம் பற்றியே.

நம் பங்கிலும் மக்ரீனாக்கள் பலர் உண்டு. புதுநன்மைக்கு ஆயத்தமாகும் சிறுவரிடம், விசுவாசப் பிரமாணத்தை யார் சொல்லித் தந்தார் என்று கேட்டால், “எங்க பாட்டி, சாமி” என்ற விடையையே நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆனால் பிள்ளைகள் விடுதியிலும் பெற்றோர் வெளியூரிலுமாக, முதியவர் தனியே செபமாலை உருட்டும் வீடுகளும் இன்று பெருகி வருகின்றன. அது வருந்தத்தக்கது.

பெற்றோரே, விடுமுறையிலாவது உங்கள் மக்களைப் பாட்டியின் அருகே அமரவிடுங்கள். மூத்த தாய்மாரே, எழுத்தறியாத நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள்; உங்களுக்குத் தெரிந்த செபத்தைச் சொல்லிக் கொடுங்கள். மூத்த மக்ரீனாவைத் திருச்சபை நெடுங்காலமாகச் சனவரி 14ஆம் நாள் நினைவுகூர்ந்து வந்துள்ளது. நம் இல்லங்களில் பொங்கலுக்குப் புத்தரிசி வந்து சேரும் அந்நாட்களில், விசுவாசத்தை விதைத்துச் சென்ற நம் பாட்டிமார்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் ஒரு செபம் சொல்வோமாக. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.