பிழை நாணயம்

நாணயச்சாலையில் தயாராகும்போதே கோளாறு நேர்ந்து, சோதனையில் பிடிபடாமல் புழக்கத்துக்கு வந்துவிட்ட காசு பிழை நாணயம் எனப்படும். கடையிலும் பேருந்திலும் வாங்கும் சில்லறையில் எப்போதாவது ஒன்று அகப்படும். வெளியே வந்தபின் நசுங்கியது, தேய்ந்தது, அமிலத்தில் ஊறியது எதுவும் இதில் சேராது. கோளாறு உற்பத்தியின் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று சொல்ல முடிந்தால்தான் சேகரிப்பாளர்கள் அதைப் பிழையாக ஏற்பார்கள்.

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. பிறகு அவற்றின் ஓரம் நெருக்கி உயர்த்தப்படுகிறது. கடைசியில் வில்லை ஒரு வளையத்துக்குள் இருந்தபடி, மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே அழுத்தப்பட்டுக் காசாகிறது. இந்தியாவில் இந்த வேலை மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய ஊர்களில் நடக்கிறது.

வெட்டும் கட்டத்தில் தகடு சரியாக நகராவிட்டால், வெட்டுக்கருவி ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் பாதி விழும். அப்போது பிறை வடிவில் ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். இதை அரத்தால் ராவியும் செய்துவிடலாம் என்பதால் ஐயம் இயல்பே. குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பார்க்க வேண்டும். ஓரம் உயர்த்தும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மங்கியோ மறைந்தோ இருக்கும். ராவிய காசில் எதிர்விளிம்பு குறையின்றி நிற்கும்.

அச்சிடும் கட்டத்துப் பிழைகளில் அதிகம் விரும்பப்படுவது எதிர்ப்பதிவு. இந்திய நாணய வணிகர்கள் இதை ‘லக்கி’ என்பார்கள். அச்சான காசு வெளியேறாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அழுந்துகிறது. ஆகவே ஒரு பக்கம் சிங்க முகங்கள் வழக்கம்போல் புடைத்திருக்க, மறுபக்கமும் அதே சிங்கங்கள் இடவலம் மாறிக் குழிந்து தெரியும். பூப் பக்கமே அந்தக் காசில் இருக்காது. இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் வைத்து இறுக்கியும் இதுபோல் செய்து விற்கிறார்கள். ஆனால் அதில் குழிந்த உருவத்தின் அடியில் பழைய பூப் பக்கம் நசுங்கிய நிலையில் எட்டிப் பார்க்கும். மறுபக்கப் புடைப்பும் தட்டையாகியிருக்கும். போலி இங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அச்சு திரும்பிய பிழையைக் காண்பது எளிது. குடியரசு இந்தியாவின் காசைப் புத்தகத்தின் தாள்போலப் பக்கவாட்டில் திருப்பினால், தலையும் பூவும் நேராகவே நிற்க வேண்டும். சில பாகை சாய்வுக்கு யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். 90 அல்லது 180 பாகை திரும்பியிருந்தால் எடுத்து வைக்கலாம். உருவம் மையம் விலகி ஒரு பக்கம் வெறுமையாக நிற்பதும் உண்டு. அதிலும் ஆண்டு எண் அழியாமல் தப்பியிருந்தால் மதிப்புக் கூடும். காசின் மேல் கோடு தெரிந்தால் விரலால் தடவலாம். புடைத்த கோடு அச்சில் விழுந்த விரிசலின் பதிவு. பள்ளமான கோடு பெரும்பாலும் வெறும் கீறல்.

வேறு வில்லையில் அச்சானதா என்று அறிய எடைபோட வேண்டும். 2011ஆம் ஆண்டு வரிசையில் 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம், 5 ரூபாய் 6 கிராம். கைமுத்திரை பொறித்த 2007ஆம் ஆண்டு வரிசையின் 1 ரூபாயும் 4.85 கிராம், 25 மில்லிமீட்டர்தான். அளவில் அது 2011ஆம் ஆண்டு வரிசையின் 2 ரூபாயேதான். எஃகுக் காசைக் காந்தம் இழுக்கும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய 9 கிராம் 5 ரூபாயை இழுக்காது.

பிழையென்று பலர் நினைப்பவற்றில் பெரும்பகுதி பிழையே அல்ல. ஆண்டு எண்ணின் கீழ் உள்ள குறி, காசு எங்கே அச்சானது என்பதைச் சொல்கிறது: சாய்சதுரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. தட்டுப்பாட்டுக் காலங்களில் வெளிநாட்டிலும் அச்சிட்டிருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு 1 ரூபாயில் உள்ள ‘எச்’ பர்மிங்காம் நகரத்து ஹீட்டன் ஆலையின் குறி. 10 ரூபாய்க் காசின் வடிவ வேறுபாடுகளும் இப்படியே. தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் அதைப் போலியென்று வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

2012ஆம் ஆண்டு வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5, 10 ரூபாய்க் காசுகள் லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற செய்தி கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. அவை நினைவு நாணயங்கள்; பிழையும் அல்ல, அரியவையும் அல்ல. பழைய காசை விற்றுத் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை விற்பதற்கு முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.