அண்ணி செய்த பயிற்சி

2008-ல் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. "படுத்தா படுத்ததுதான், எழுப்பி நிக்க வைங்க" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தலை சுற்றி எங்கள் மேலேயே சாய்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் அண்ணிதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்தார். அரியலூரில் வேலையில் இருந்த நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், "இன்னும் கொஞ்ச நேரம் செய்யணும் அண்ணி" என்று சொல்லிவிட்டு வருவேன். கால் ஓரளவு வந்தது, கை வரவில்லை. "நான்தான் சரியா செய்யல போல" என்று அண்ணி பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மெல்போர்னில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற பிசியோதெரபிஸ்ட், பேராசிரியை. பக்கவாத நோயாளிகள் பகலை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஐந்து ஆஸ்பத்திரிகளில் 58 பேரைக் கூடவே இருந்து கவனித்து, 2004-ல் எழுதினார். பாதி நேரத்துக்கு மேல் படுக்கை. 60 சதவீத நேரம் பக்கத்தில் யாருமில்லை. (நம் ஊரில் கட்டிலைச் சுற்றி எப்போதும் நாலு பேர்!) சீக்கிரம் எழுப்பினால் நல்லதுதானே என்று அடுத்த பெரிய ஆய்வைத் தொடங்கினார். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள், 56 ஆஸ்பத்திரிகள், 2104 நோயாளிகள். முடிவு 2015-ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிகமாக நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம்தான். பத்து வருஷ உழைப்பு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக முடிந்தது; அதை அப்படியே வெளியிட்டார்கள். எழுப்பவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை எழுப்புவது நல்லது என்று அதே தரவுகளிலிருந்தே பிறகு தெரிந்தது.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. லூதியானாவில் பணியாற்றும் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியனும் சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்னின்ற ஆய்வு: 14 ஆஸ்பத்திரிகள், 1250 நோயாளிகள். ஒரு பிரிவினரின் வீட்டாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டிலும் இரண்டு மாதம்வரை தொடர வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் இரு பக்கமும் 47 சதவீதம். 2017-ல் லான்செட்டில் வந்தது. வீட்டார் மட்டும் பாடுபட்டால் போதும் என்ற நம்பிக்கை அதில் தேறவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட்டே வீட்டுக்கு வருகிறார். அண்ணன் அதற்குள் போய்விட்டார்.

போன பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் அண்ணியிடம் சொன்னேன். நான் ஞாயிறுதோறும் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். வெங்காயம் ஆய்ந்துகொண்டே கேட்டவர், "அப்ப என்னால இல்லையா தம்பி?" என்றார். இல்லை அண்ணி என்றேன். இன்னொரு தடவை கேட்டார்.