தலைநகரம் விழுந்தால்

உள்நாட்டு யுத்தம் மூளுவதற்குக் கணக்கு உண்டு என்று என் தமக்கை மகன் சொன்னபோது நான் சிரித்தேன். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து கணக்கையே காட்டிவிட்டான்.

'ஃப்ரீசிவ்' என்று ஒரு விளையாட்டு. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் சர்வகலாசாலை மாணவர்கள் மூவர் 1995-ல் தொடங்கியது. ஆடுபுலி ஆட்டம் மாதிரி முறை வைத்து ஆடவேண்டும். பலகை மட்டும் பூமண்டலம். விதிகளெல்லாம் சாதாரண எழுத்தில் இருப்பதால், பொறுமையுள்ளவன் திறந்து திருத்திக்கொள்ளலாம். பெரிய ராஜ்யம் ஒன்றின் தலைநகரம் எதிரியின் கையில் விழுந்தால், ராஜ்யம் இரண்டாக உடையக்கூடும். அந்த வாய்ப்பு, விளையாட்டின் பழைய விதியில், அராஜகத்தில் நூற்றுக்கு 90, முடியாட்சியில் 70, குடியரசில் 40, ஜனநாயகத்தில் 30. குழப்பத்திலுள்ள நகரம் ஒவ்வொன்றுக்கும் 5 கூடும். கொண்டாட்டத்திலுள்ள நகரத்துக்கு 5 குறையும். உடைந்த பிறகு எந்த நகரம் எந்தப் பக்கம் என்பது, காசைச் சுண்டிப் பார்ப்பதுதான்.

"சரித்திரம் படித்தவர்கள்தாம் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். 1204 ஏப்ரலில் சிலுவைப் போர்வீரர்கள் கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்துச் சூறையாடினார்களே, அது நினைவுக்கு வந்தது. நைசியாவில் ஒரு கிரேக்க அரசு, எபிரஸில் ஒன்று, கருங்கடற்கரையில் ட்ரெபிஸாண்டில் ஒன்று என்று சாம்ராஜ்யம் சிதறிப் போயிற்று. நைசியாக்காரர்கள் 1261-ல் தலைநகரை மீட்டார்கள். ட்ரெபிஸாண்டோ அப்போதும் ஒட்டவில்லை. 1461-ல் துருக்கியரிடம் விழும்வரை தனியாகவே இருந்தது. இன்னொரு வேடிக்கை: ட்ரெபிஸாண்டைப் பிடித்த கொம்னேனோஸ் சகோதரர்கள், ஜார்ஜியா ராணி தமாரின் படையுதவியோடு புறப்பட்டபோது தலைநகரம் விழுந்திருக்கவே இல்லை!

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏண்டா, அமெரிக்காவில் 1861-ல் வாஷிங்டனை யார் பிடித்தார்கள்?"

"யாரும் பிடிக்கவில்லை, மாமா."

லிங்கன் மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்பதற்கு முன்னமே ஏழு ராஜ்யங்கள் பிரிந்து போய்விட்டன. தலைநகரம் பத்திரமாக இருந்தது. அடிமைமுறைதான் நாட்டைப் பிளந்தது. மாண்ட சிப்பாய்கள் ஆறு லட்சத்துக்கு மேல். இந்த விளையாட்டின் கணக்குப்படி அந்த யுத்தத்துக்கு வாய்ப்பு 30 கூட இல்லை, சூன்யம்.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லுவா என்ற சிறு மொழியில் சில வரிகள் எழுதி, தலைநகரம் விழாமலே ராஜ்யம் உடையும்படி செய்தான். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் முழுவதும் நகரங்கள் கட்டினேன். ஒன்றுக்கு என் கிராமத்தின் பெயரையே சூட்டினேன். குறித்த முறை வந்ததும் படத்தில் பாதி நகரங்கள் நிறம் மாறின. என் கிராமம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

"ஏன் போயிற்று?"

"காசு அப்படி விழுந்தது, மாமா."

எனக்கு மனசு கேட்கவில்லை. வர்ஜீனியா யூனியனை விட்டுப் பிரிந்தபோது, அதன் மேற்கு ஜில்லாக்கள் கூடப் போக மறுத்தன. 1863-ல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி ராஜ்யமாகவே ஆகிவிட்டன. மலைப்பிரதேசம், அடிமைகள் குறைவு, கிழக்கத்தியரோடு பழைய மனஸ்தாபம் என்று அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவன், "அடிமைகள் எத்தனை என்று நகரத்துக்கு நகரம் ஒரு எண் வைத்துவிடலாம். அந்த மனஸ்தாபத்துக்கு எத்தனை போடுவது, மாமா?" என்றான்.

5 என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள்; எழுந்து போனோம்.