ஃபோட்டோசிந்த்

ஃபோட்டோசிந்த் என்பது ஓரிடத்தில் எடுக்கப்பட்ட பல ஒளிப்படங்களை இணைத்து, உலாவிப் பார்க்கத்தக்க முப்பரிமாணக் காட்சியாக மாற்றிய மைக்ரோசாப்ட் மென்பொருள் ஆகும். நோவா ஸ்னேவ்லி, ஸ்டீவன் சைட்ஸ், ரிச்சர்ட் செலிஸ்கி ஆகியோர் 2006 இல் வெளியிட்ட 'போட்டோ டூரிசம்' ஆய்வு இதற்கு அடிப்படையாக அமைந்தது.

மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கண்டறிந்து, அவை பிற படங்களில் எங்கே உள்ளன என ஒப்பிடும். கோண வேறுபாட்டைக் கொண்டு, அப்புள்ளிகளின் இருப்பிடத்தையும் ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடத்தையும் கணக்கிடும்.

2007 இல் பிளேஸ் அகேரா இ ஆர்காஸ் டெட் மேடையில் இதனை விளக்கினார். பிளிக்கர் தளத்தில் பலர் பகிர்ந்திருந்த படங்களிலிருந்து பாரிசின் நோட்ரே டேம் பேராலயம் அங்கு முப்பரிமாணமாகக் காட்டப்பட்டது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் வெவ்வேறு நாளில் எடுத்த படங்கள் ஒரே காட்சியாயின.

2008 ஆகஸ்ட் மாதத்தில் இச்சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பயனர்கள் தாமே காட்சிகளை உருவாக்கிப் பதிவேற்றினர். 2017 பெப்ரவரி 6 அன்று சேவை மூடப்பட்டது. முன்னரே தரவிறக்கி வைத்தவர்களிடம் மட்டும் அவரவர் காட்சிகள் எஞ்சின. இணையத்தில் இருந்த பொதுத்தொகுப்பு மறைந்தது.

2019 ஏப்ரலில் நோட்ரே டேமின் கூரையும் கோபுர முனையும் தீயில் அழிந்தன. அழியும் கட்டடத்தின் உருவை ஒளிப்படங்கள் காத்து வைக்கலாம். ஆனால் அப்படங்கள் ஒரே நிறுவனத்தின் சேவையை மட்டும் நம்பியிருந்தால் அவையும் அழியக்கூடும் என்பதை ஃபோட்டோசிந்தின் வரலாறு காட்டுகிறது. இதன் அடிப்படை முறை தொல்லியல், நிலவரைபடப் பணிகளில் இன்றும் பயன்படுகிறது.