நாய்க்கு எதற்குக் கடிதம்? – ஒரு சின்ன வரலாறு



என்னிடம் படித்த ஒரு பெண் அமெரிக்காவிலிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அம்மா தனியாக இருப்பதால் மதுரைக்கே திரும்பி வருகிறாளாம். அங்கே மனச்சோர்வில் கிடந்த காலத்தில் ஒரு நாய் வளர்த்து, அதனால்தான் மீண்டு வந்தேன் என்கிறாள். "எமோஷனல் சப்போர்ட் டாக்" என்று மருத்துவர் கொடுத்த கடிதம் கையில் இருக்கிறது. "சார், இந்தக் கடிதத்தைக் காட்டினால் நம் ஊரில் வீடு தருவார்களா? ரயிலில் ஏற்றுவார்களா?" என்பது கேள்வி.

ஒரு வரியில் பதில்: அந்தக் கடிதத்துக்கு இங்கே சட்ட மதிப்பு இல்லை. ஆனால் அதற்காக அவள் நாயை விட்டுவிட்டு வர வேண்டியதும் இல்லை. இது எப்படி என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான்!

நாயின் சேவையை எழுத்தில் பதிவு செய்வது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டான் கருந்தேவக்கத்தி என்ற வீரன். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, தன் தலைவனைக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் சொல்லி, அது செய்த வேலையையும் சொல்லி, 1,400 ஆண்டுகள் நிற்கிற சான்றிதழ் அது. நம் பக்கத்துக் கருப்பசாமி கோயில்களில் மண்குதிரைக்குப் பக்கத்தில் நாய் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள்.

இன்றைய கடிதத்தின் கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளியை 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் ஜெர்ஹார்ட் ஸ்டாலிங் தொடங்கினார். 1928இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்று, 'பட்டி' என்ற நாயோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே 'தி சீயிங் ஐ' என்ற பயிற்சி நிறுவனம் அங்கே உருவானது. அப்போது ஓட்டலிலும் ரயிலிலும் "நாய்க்கு அனுமதி இல்லை" என்ற பலகைதான். ஃபிராங்க் வாழ்நாள் முழுவதும் அந்தப் பலகையோடு போராடினார். அவருக்குப் பட்டி செல்லப்பிராணி அல்ல, கண். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த திருப்பம் நியூயார்க்கில். போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர். யாரோடும் பேசாமல் ஒதுங்கியிருந்த ஒரு சிறுவனை அவனுடைய பெற்றோர் ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். அறையில் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. மனிதர்களிடம் ஒட்டாத பிள்ளை நாயிடம் ஒட்டிக்கொண்டான். இந்த அனுபவத்தை 1962இல் அவர் கட்டுரையாக எழுதினார். நாயை 'உடன் சிகிச்சையாளர்' என்றே அதில் குறிப்பிட்டார். வழிகாட்டும் வேலை எதுவும் செய்யாமல், பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு நாய் மனிதனைத் தேற்றும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் இப்படி வேர்விட்டது.

பிறகு சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு விமானத்தில் பாகுபாடு கூடாது என்று 1986இல் அமெரிக்காவில் ஒரு சட்டம். வீட்டுவசதியிலும் கூடாது என்று 1988இல் ஒரு திருத்தம். அங்கே வீட்டுக்காரர் "செல்லப்பிராணி கூடாது" என்று சொல்வது சட்டப்படி சரி. மனநோயாலோ வேறு குறைபாட்டாலோ நாய் தேவைப்படுகிறவருக்கு மட்டும் விலக்கு. விலக்கு கேட்கிறவர் தன் தேவையைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் மருத்துவர் கடிதம்.

விமானங்களில் மனத்துணை விலங்குகளுக்கு 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் கொடுத்தது. அதோடு வியாபாரமும் வளர்ந்தது. பணம் கட்டினால் மருத்துவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடிதம், அடையாள அட்டை, நாய்க்குச் சட்டை எல்லாம் வீட்டுக்கு வந்தன. 2018 ஜனவரியில் ஒருவர் மயிலோடு விமானம் ஏற வந்தார். முருகப்பெருமான் மயில் மேல் ஏறிப் போனார், இவர் மயிலையே ஏற்றப் பார்த்தார்! விமான நிறுவனம் மறுத்துவிட்டது. கடைசியில் 2020 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. தனிப்பயிற்சி பெற்ற சேவை நாய்க்கு மட்டுமே கட்டாய இடம், மனத்துணை விலங்கைச் சாதாரணச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம் என்றது. போலிக் கடிதம் வாங்கியவர்கள், உண்மையில் தேவைப்பட்டவர்களின் கதவையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். பழக்கமில்லாத நாய் கூட்டத்தில் குரைத்துக் கடித்தால், பார்வையற்றவரின் வழிகாட்டி நாயையும் மக்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஃபிராங்க் போராடித் திறந்த கதவு அது.

இனி நம் நாடு. இங்கே கதை நம் மதுரையில் பிறந்த ஒரு பெண்மணியிடம் தொடங்குகிறது. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரா என்றால் எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களவை உறுப்பினராக விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தவரும் அவரே. அந்த முயற்சி 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. அதன்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம், உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் சேர்ந்தது.

அந்த வாரியம் 2015இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தினாலும் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்கிறது அது. 2021இல் கேரள உயர் நீதிமன்றமும் இத்தகைய தடை விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

வித்தியாசம் புரிகிறதா? அங்கே தடை செல்லும், நோயாளிக்கு விலக்கு. இங்கே அடுக்ககச் சங்கத்தின் தடையே செல்லாது. ஆகவே "எனக்கு மனநோய் இருக்கிறது" என்று யாரிடமும் காகிதம் நீட்டத் தேவையில்லை. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் மனத்துணை நாய்க்கென்று தனிப் பிரிவு கிடையாது.

வாடகை வீடு மட்டும் வேறு கதை. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று எழுதினால் அந்தக் கடிதம் உதவாது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நாய் இருப்பதைச் சொல்லி, அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

ரயிலில் மனத்துணை நாய், வேட்டை நாய் என்ற வேறுபாடு இல்லை. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூபேயையோ நான்கு படுக்கை கேபினையோ முழுதாக எடுத்தால் உடன் வரலாம். பார்சல் அலுவலகத்தில் லக்கேஜ் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். கூபே கிடைப்பது சார்ட் போடும்போதுதான் உறுதியாகும். மற்றபடி கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டிதான். வைகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம், பதிவு செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம்.

வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புகிறவர்கள் இரண்டு செல்லப்பிராணிகள் வரை கொண்டு வரலாம். மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, அந்நாட்டு அரசு ஒப்புதல் பெற்ற மருத்துவச் சான்று ஆகியவற்றோடு, புறப்படும் முன்பே இங்குள்ள கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் உண்டு.

ஆக, இங்கே உண்மையாகச் செல்லுபடியாகும் காகிதங்கள் மூன்று: தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, உள்ளாட்சி கேட்கும் இடத்தில் உரிமம். இவற்றில் முதலாவதுதான் மிக முக்கியம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அடுத்த வீட்டுக்காரரின் பயமும் நியாயமானதே. தடுப்பூசி அட்டையை நீங்களாகவே எடுத்துக் காட்டி, நாயைக் கயிற்றில் பிடித்து, அசுத்தத்தை அள்ளிப் போட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இணையத்தில் விற்கும் "மனத்துணை நாய்" அட்டையை நம் பிள்ளைகள் யாரும் காசு கொடுத்து வாங்காதீர்கள். மனம் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் போவதில் வெட்கம் வேண்டாம். நாயும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும், பேச நாலு மனிதர்களும் இருக்கட்டும்.

தருமன் சொர்க்க வாசலில் நாயோடு நின்றபோது, நாய்க்கு இடமில்லை என்றான் இந்திரன். தருமன் கடிதம் எதையும் நீட்டவில்லை, நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்று மட்டும் சொன்னான். வீடு மாறும்போது நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

நாயோடு ரயிலிலோ விமானத்திலோ வந்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். திரும்பி வரும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
சமயநல்லூர்