சித்திரக்காரன் கூலி

ஒருவர் வரைந்ததை மற்றொருவர் பிரதி செய்து விற்றல் புதுவழக்கன்று. லண்டன் மாநகரில் ஹோகார்த் என்னும் சித்திரக்காரர் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்ட படங்களை, அச்சுக்கடைக்காரர் களவாய்ப் படியெடுத்து விற்றுப் பொருள் குவித்தனர். அவர் வாளாவிருந்தாரல்லர், தோழரொடு கூடிப் பார்லிமெண்டில் முறையிட்டார். 1735-இல் பிறந்த சட்டம் அத்தகைய படங்களுக்கு 14 ஆண்டுக் காவல் தந்தது. அது அமலுக்கு வரும்வரை தம் புதுப் படவரிசையை வெளியிடாது அவர் காத்திருந்தார்.

அவ்வழக்கு நம் பினாங்கிலும் எழுந்தது. 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவின் பொருட்டு, லித்துவேனிய நாட்டு எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் மெய்யான சைக்கிளொன்றைப் பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகளைத் தீட்டினார். அச்சித்திரம் சட்டையிலும் சாவிக்கொத்திலும் ஏறிக் கடைகளில் விலையாயிற்று. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, பொதுமக்கள் காணுமிடத்தில் நிலையாக நிற்கும் கலைப்பொருளைப் பிரதி செய்து பரப்ப இடங்கொடுக்கிறது.

சட்டம் விலக்காததெல்லாம் நியாயமாகுமா? தெருவிற் கண்டு மகிழ்தல் எல்லோர்க்கும் உரிமை. அதனை விற்றுண்பது வேறு. பால்மரம் சீவியவனுக்குக் கூலி கொடாது பாலை விற்பதை நாம் ஒப்புவோமா? படத்தை விற்போர் வரைந்தவர் பெயரைப் பொறிக்கட்டும். இலாபத்திற் பங்கும் கொடுக்கட்டும். அது தானமன்று, கூலி.