எண்ணிக்கையும் அளவுகோலும்: மலேசியக் குடும்ப வன்முறைத் தடுப்புத் திட்டங்கள் தரும் படிப்பினை

குடும்பத்திற்குள் நிகழும் வன்முறை நெடுங்காலம் வீட்டு விவகாரமாகவே கருதப்பட்டு வந்தது. மலேசியாவில் அக்கருத்தை அசைத்தவற்றுள் ஓர் ஆய்வும் அடங்கும். 1982இல் அடைக்கல இல்லம் தொடங்கிய மகளிர் உதவி அமைப்பு, 713 பெண்களிடமும் 508 ஆண்களிடமும் கருத்தறிந்து, 1989ஆம் ஆண்டில் 39 விழுக்காட்டுப் பெண்கள் கணவராலோ காதலராலோ அடிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. சட்டம் வேண்டிக் குரலெழுப்பிய மகளிர் அமைப்புகளுக்கு இம்மதிப்பீடு வலுச் சேர்த்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

திட்ட வகுப்பிலும் அக்காலம் குறிப்பிடத்தக்கது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருங்கிணைந்த உதவி மையம் அமைந்தது. காயமுற்று வந்த பெண் பல அலுவலகங்களுக்கு அலையாமல், சிகிச்சை, ஆலோசனை, காவல்துறை உதவி ஆகியவற்றை ஓரிடத்தில் பெறுவதே அதன் நோக்கம். 1996இல் அம்முறையை ஏனைய அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கச் சுகாதார அமைச்சு பணித்தது. ஆயின், பெரிய மருத்துவமனையில் இயன்றது, இடமும் ஆளும் குறைந்த சிறிய மருத்துவமனையில் அவ்வாறே இயலவில்லை எனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. மையங்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டிருந்தால் இக்குறை புலப்பட்டிராது.

சட்டத்திலும் இத்தகைய இடைவெளி இருந்தது. தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றத்தில் பெறும்வரை பெண் காப்பின்றி நின்றாள். 2017ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகநல அதிகாரியே ஏழு நாள்களுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க வகைசெய்தது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2014ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. தீபகற்ப மலேசியாவில், துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் 9 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் வன்முறைக்கு ஆளானதாக அது கண்டது. 39 என்பது 9 ஆகிவிட்டது, இனி நிதியைக் குறைக்கலாம் என எவரேனும் முடிவுசெய்வாராயின் அது பெரும்பிழையாகும். முன்னையது ஓராண்டைப் பற்றிய மதிப்பீடு. பின்னையது வாழ்நாள் அனுபவத்தை வேறு வினாக்களால் அறிந்தது. அளவுகோல் மாறியபின் ஒப்பீடு செல்லாது.

காவல்துறைப் புகார்கள் பெருகுவதும் இத்தகையதே. வன்முறை மிகுந்ததாலும் அவை பெருகலாம். பெண்கள் நம்பிக்கையோடு முன்வருவதாலும் பெருகலாம். ஆகவே, திட்டம் தொடங்கும்போதே எதனை, எவரிடம், எக்கால எல்லைக்குள் அளப்பது என வரையறுத்தல் வேண்டும். உதவி நாடி வந்த பெண் பின்னர்ப் பாதுகாப்பாக வாழ்கிறாளா என்னும் வினாவே அவ்வளவீட்டின் நடுவில் நிற்க வேண்டும் என்பது நம் துணிபு.